தனியாக நடப்பதா, பேசிக்கொண்டே நடப்பதா? தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளும் பெண்கள் எழுத்தும்

தகடூர்க்காரி

வணக்கம். தருமபுரியில் இருக்கிறேன், நூலகத்தில் வேலை. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே கொட்டுகிறேன். சண்டைக்கு வருகிறவர்களும் வரலாம்.

நம் இரண்டு மாவட்டத்திலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வத்தல்மலை, சித்தேரி, தீர்த்தமலை, பிக்கிலி. வடக்கே போனால் ராயக்கோட்டை, அஞ்செட்டி, மேலகிரி. ஆனால் இந்த மலைகளில் நடந்து பார்த்து ஒரு பெண் எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அலமாரியிலிருந்து எடுத்து நீட்ட என் கையில் எதுவும் இல்லை. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளை ஆங்கிலத்தில் படிக்கிற உலகத்துக்குச் சொன்னவர் பெங்களூரிலிருந்து துப்பாக்கியோடு வந்த கென்னத் ஆண்டர்சன். நன்றாகத்தான் எழுதினார், மறுக்கவில்லை. ஆனால் ஆட்கொல்லிப் புலி வந்தால்தான் அவர் கதையில் ஊருக்கே இடம்.

ஸ்காட்லாந்தில் நேன் ஷெப்பர்ட் என்று ஒரு அம்மா இருந்தார். 1893இல் பிறந்தவர். அபர்தீனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, ஆயுள் முழுக்க கெய்ர்ன்கார்ம் மலைகளில் நடந்தார். இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அந்த மலையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அது உடனே வெளிவரவில்லை, மேசை அறைக்குள் போய்விட்டது. 1977இல்தான் அச்சானது. 1981இல் அவர் இறந்தார். 2016இல் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது. அவருக்கு உச்சியில் அவ்வளவு அக்கறை கிடையாது. ஓடையில் வெறுங்காலோடு இறங்குவார், மேட்டில் படுத்துத் தூங்குவார், குனிந்து கால்களுக்கு நடுவே மலையைத் தலைகீழாகப் பார்ப்பார். மலை மேலே ஏறுவதைவிட மலைக்குள்ளே போவதுதான் அவருக்குப் பெரிசு.

எனக்கும் அப்படி ஒரு ஆசை. ஒரே ஒரு மலை, எல்லாப் பருவத்திலும், தனியாக, சத்தமில்லாமல் நடந்து எழுத வேண்டும். நம் ஊரில் அது நடக்குமா? நடந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_ஷிப்ட்

அக்கா, முதலில் ஒரு சண்டை. உச்சி என்றாலே ஏன் எல்லா எழுத்தாளர்களுக்கும் இளக்காரம்?

நான் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் ஓவர்டைம் இல்லையென்றால். எல்லாப் பருவத்திலும் ஒரே மலையில் நடப்பதற்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். எனக்கு மேலே போய் நின்று "வந்துட்டேன்" என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். ஜப்பானின் ஜுன்கோ தபேய் 1975 மே மாதம் எவரெஸ்ட்டில் நின்ற பிறகுதான் பெண்களால் முடியுமா என்ற கேள்வியை வாயடைத்தார்கள். இந்தியாவிலிருந்து பச்சேந்திரி பால் 1984. நம் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி 2023. இவர்கள் யாராவது ஓடையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் இன்றைக்கும் கம்பெனி பஸ்ஸில் "பொம்பளைக்கு எதுக்கு மலை" என்ற பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

தலைகீழாகப் பார்த்த அம்மாவுக்கு வணக்கம். அவரைக் குறை சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம்

தப்பாக நினைக்க வேண்டாம் சகோதரிகளே. எழுத்து, இலக்கியம் எல்லாம் சரி. ஆனால் காட்டுக்குப் பெண்கள் தனியாகப் போவது சரியா? இரண்டு ஆண்களைத் துணைக்குக் கூட்டிப்போனால் என்ன குறைந்துவிடும்?

ஓசூர்_ஷிப்ட்

சார், கரடி வந்தால் அந்த இரண்டு ஆண்களும் என்ன செய்வார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன்.

மேலகிரி

நான் தேன்கனிக்கோட்டை. பறவை பார்க்கப் போய்ப் போய்க் காடு பழகியவள். கேலியை விட்டுவிட்டு நடைமுறையைச் சொல்கிறேன், ஏனென்றால் தகடூர்க்காரி அக்கா கேட்டதில் "தனியாக", "சத்தமில்லாமல்" என்ற இரண்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

ஸ்காட்லாந்து மலையில் பயம் என்பது பனி, மூடுபனி, வழி தவறுவது. நம் மலையில் பயமே வேறு. இங்கே யானை இருக்கிறது. மழை முடிந்து கேழ்வரகு கதிர் முற்றுகிற சமயம் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கி, ஓசூரை ஒட்டிய சானமாவு வரைக்கும் வரும். அந்த மாதங்களில் ஊர்க்காரர்களே சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சில தடங்களில் கால் வைப்பதில்லை. காவேரி வடக்கு சரணாலயம் 2014இல் அறிவித்தது, தெற்கு சரணாலயம் 2022இல். இரண்டும் சேர்ந்து பெரிய காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், ஆண் பெண் பேதமில்லாமல்.

அப்புறம் கரடி. யானையாவது தூரத்திலேயே கிளை ஒடிக்கிற சத்தம் கொடுக்கும், வாடை வரும். கரடிக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை; புற்றுக்குள் மூக்கை விட்டுக் கரையான் உறிஞ்சிக்கொண்டிருந்தால் காதும் கேட்காது. நீங்கள் சத்தமில்லாமல் போய்ப் பத்தடியில் நின்றால் அது திடுக்கிட்டு எழுந்து முகத்தைத்தான் பிடுங்கும். நம் பக்கத்தில் கரடியிடம் அடிபட்டவர்கள் கதையைக் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் அது துரத்தி வந்ததாக இருக்காது, இவர்கள் எதிர்பாராமல் அதன் மேல் போய் விழுந்ததாகத்தான் இருக்கும்.

அதனால்தான் விறகுக்கும் ஈச்சம் ஓலைக்கும் போகிற பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். தூரத்திலிருந்து கேட்டால் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். வம்பு பேசுகிறார்கள் என்று நினைப்போம். வம்பும் உண்டு. ஆனால் அந்தச் சத்தம்தான் அவர்கள் கையில் இருக்கிற கம்பு.

ஆக, மௌனமாகத் தனியாக நடந்து மலையோடு கலப்பது அந்த ஊருக்குச் சரி. இங்கே அது மலையைத் தெரியாதவர் செய்கிற காரியம்.

தமிழாசிரியர்_ஓய்வு

இழையை முழுக்கப் படித்தேன். தகடூர்க்காரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஔவையை விட்டுவிட்டீர்களே அம்மா!

பெண் மலையைப் பற்றி எழுதியது நம் ஊரில் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதன் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி, பெரிய மலையின் பிளவில் ஏறற்கரிய உச்சியிலிருந்து கொண்டுவந்த நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்ததை ஔவையே பாடுகிறார், புறநானூறு 91. அந்தப் பாட்டில் கொடையை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். "சிறியிலை நெல்லி" என்று எழுதுகிறார் பாருங்கள். இலையின் அளவைச் சொல்லாமல் அவரால் கனியைச் சொல்ல முடியவில்லை. மரத்தைப் பார்த்தவர் எழுத்து அது.

அதோடு அவர் தனியாக நடந்தவரும் அல்லர். பாணர், விறலியர் கூட்டத்தோடு சேர்ந்து நடக்கிற மரபு அது. மேலகிரி அம்மா சொன்னது சரிதான்.

இன்னொரு வேடிக்கை. அனுமதி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இதே தகடூரில், இதே அதியமான் பரிசில் தராமல் காலம் கடத்தியபோது, ஔவை வாயிற்காவலனைப் பார்த்து "வாயிலோயே! வாயிலோயே!" என்று கூப்பிட்டு, உன் அரசனுக்குத் தன்னையும் தெரியாதா, என்னையும் தெரியாதா, எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் எங்களுக்குச் சோறு உண்டு என்று பாடிவிட்டார். புறநானூறு 206. வனத்துறை அலுவலக வாசலில் விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறபோது பாட ஏற்ற பாட்டு.

வெள்ளிவீதியார் உண்டு, அவர் அலைந்ததை ஔவை அகநானூறு 147இல் நினைவுகூர்கிறார். பாரி மகளிர் உண்டு. பறம்பு மலையை இழந்த பிறகு நிலவைப் பார்த்து ஐந்தே வரியில் பாடினார்கள். காரைக்கால் அம்மையார் கயிலை மலையையே தலையால் நடந்து ஏறினார் என்பது சேக்கிழார் வாக்கு. உங்கள் ஸ்காட்லாந்து அம்மா குனிந்து தலைகீழாகப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

தகடூர்க்காரி

ஐயா, சிரித்து முடியவில்லை. ஔவையை மறக்கவில்லை, அவரை எல்லா மேடையிலும் முதலில் உட்காரவைத்துவிட்டு அதற்கப்புறம் வந்த இரண்டாயிரம் வருஷத்தைத் தாண்டிப் போய்விடுகிறோமே என்றுதான் விட்டேன். குறவஞ்சியில் குறத்தி மலைவளம் பாடுகிறாள், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் வாயில் பாட்டை வைத்தது திரிகூடராசப்பக் கவிராயர். நடுவே இவ்வளவு நீளத்துக்குப் பெண் கையெழுத்து எங்கே போனது?

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் மிக உயரமான மலை ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர். நம் மேலகிரி உச்சிகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். 1818 அக்டோபரில் டோரதி வேர்ட்ஸ்வொர்த் தன் தோழி மேரி பார்க்கருடன் அதில் ஏறினார். வந்து ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தப் பகுதியை அவர் அண்ணன், கவிஞர் வில்லியம், தன் பயண வழிகாட்டியில் சேர்த்துக்கொண்டார், தங்கை பேர் இல்லாமல். படித்தவர்கள் அண்ணன்தான் ஏறியதாக நினைத்துக்கொண்டார்கள்.

லண்டனில் ஆல்பைன் கிளப் என்ற ஆண்கள் மலையேற்றச் சங்கம் 1857இல் தொடங்கியது. பெண்களைச் சேர்க்கவில்லை. 1907இல் பெண்கள் தங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றாவதற்கு 1975 ஆகிவிட்டது. தபேய் எவரெஸ்ட்டில் நின்ற அதே வருஷம், ஓசூர்த் தங்கை கவனிக்க.

மேலகிரி சொன்ன கரடி விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் முழுசாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வீட்டில், வேலையில், பஸ்ஸில் என்று நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருக்கிற வாழ்க்கையில் ஒரு பெண் தனிமை கேட்பது தப்பா?

சாமைக்காடு

தப்பில்லை அக்கா. ஆனால் கேட்கிற இடம் பார்த்துக் கேட்க வேண்டும்.

நான் சித்தேரி மலையில் பிறந்தவள். இப்போது அரூரில் நர்ஸ் வேலை. இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். "ஈச்சம் ஓலைக்குப் போகிற பெண்கள்" என்று எங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால் நானும் பேசுகிறேன்.

அம்மா மலை ஏறினார் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. காட்டுக்குப் போனார், வந்தார். அவ்வளவுதான். சாமை விதைக்க, களை எடுக்க, அறுக்க, புரச இலை பறிக்க, கடுக்காய் பொறுக்க. முதுகுவலி வந்த பிறகும் போனார். அதை ஒருவர் வந்து "மலையோடு ஒன்றிய வாழ்வு" என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். வந்திருக்கிறது. ஒரு வாரப் பத்திரிகையில் எங்கள் பக்கத்து ஊர்ப் பாட்டியைப் போட்டோ எடுத்துப் போட்டு "கவலையறியாச் சிரிப்பு" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பாட்டிக்குப் பல் வலி, வாயை மூட முடியாமல் இருந்தார்.

இன்னொன்று. அனுமதி வாங்குவதைப் பற்றி எல்லோரும் லேசாகப் பேசுகிறீர்கள். எங்கள் மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து போய் அந்த ஊரை என்ன செய்தார்கள், 18 பெண்களை என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2011 செப்டம்பரில் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது, அதில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். முப்பது வருஷத்துக்கு மேல். எங்கள் பக்கத்துப் பெண்கள் காட்டில் கரடியைப் பார்த்துப் பயந்ததைவிடக் காக்கியைப் பார்த்துப் பயந்தது அதிகம். 2006 வன உரிமைச் சட்டம் வந்து சிறு வனப்பொருள் எடுக்க உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஜீப் சத்தம் கேட்டால் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குகிறவர்கள் உண்டு.

மலையைப் பற்றிப் பெண்கள் எழுதும்போது அந்த ஜீப் சத்தம் வராவிட்டால், அது எந்த ஊர் மலை?

ஓசூர்_ஷிப்ட்

இதற்கு மேல் நான் என்ன எழுத. நன்றி அக்கா.

காவேரிப்பட்டணம்

வாச்சாத்தி பற்றி எழுதியதற்கு மறுப்பே இல்லை. ஆனால் இது நடைப்பயணம் பற்றிய இழை. எல்லாவற்றிலும் அரசியல் கலந்தால் மனதுக்கு இளைப்பாறுதலாக ஒருவர் எழுதவே முடியாதே?

நெறியாளர்

இழைக்குள்தான் இருக்கிறது. தொடருங்கள்.

தகடூர்க்காரி

சாமைக்காடு எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது பிரான்சில் நடந்த ஒரு விஷயம். மோன் பிளாங் மலையில் முதலில் ஏறிய பெண் மாரி பாரடி, 1808. ஷாமோனி ஊர்க்காரி, வேலைக்காரப் பெண். ஏறினால் பேர் கிடைக்கும், வருகிற பயணிகளால் நாலு காசு பார்க்கலாம் என்று வழிகாட்டிகள் சொல்லிக் கூட்டிப்போனார்கள். பாதிக்கு மேல் இழுத்தும் தூக்கியும்தான் கொண்டுபோனார்கள் என்று அவரே சொன்னார். எழுதிவைக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1838இல், ஆன்ரியெத் தாஞ்செவீல் என்ற பிரபுகுலத்துப் பெண் ஏறினார். தன் காலால் ஏறினார், எழுதினார், பேர் பெற்றார். ஆனால் இறங்கி வந்ததும் வயதான பாரடியைத் தேடி விருந்துக்கு அழைத்தார். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆர்வம். ஏறியதைப் பற்றி எழுதியதைவிட அது முக்கியமாகப் படுகிறது இப்போது.

காவேரிப்பட்டணம் சாருக்கு: இளைப்பாறுதலாக எழுதுகிறவர்கள் எழுதட்டும். காலெண்டரில் நிறைய இடம் இருக்கிறது.

மேலகிரி

நல்லது. அப்படியென்றால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். பேசிக்கொண்டே நடக்கிற நடையை எப்படி எழுதுவது? நாம் படித்த இயற்கை எழுத்து முக்கால்வாசி ஒற்றைக் குரல். நான் பார்த்தேன், நான் உணர்ந்தேன். நான்கு பெண்கள் நடந்தால் அங்கே சீட்டுப் பணம், மகள் கல்யாணம், புளி விலை, மாதவிலக்கு வயிற்றுவலி, எந்தப் புதர் மறைவாக இருக்கும் என்ற தேடல் எல்லாம்தான் இருக்கும். நடுவில் ஒருத்தி "ஏய், நில்லு" என்பாள். எல்லோரும் நிற்பார்கள். புற்று தோண்டியிருக்கும், மண் ஈரமாக இருக்கும். யாரும் விளக்கம் கொடுக்கமாட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போவார்கள், புளி விலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த நடையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஓசூர்_ஷிப்ட்

சீட்டுப் பணமும் வரணுமா இயற்கை எழுத்தில்?

மேலகிரி

வரணும். அது இல்லாமல் கரடி வராது.

தகடூர்க்காரி

சரி, எழுதிப் பார்த்தேன். அரூர் பக்கத்துக் கரடு ஒன்றுக்கு, ஓலை வெட்டப் போகிறவர்களிடம் கேட்டு, பின்னாலேயே போய்வந்தேன். ஒரு பத்தி மட்டும் போடுகிறேன். தயவு பார்க்க வேண்டாம்.

"ஈச்சம் புதர் இடுப்பு உயரம். முன்னால் போகிற அம்மா அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, காலால் ஓலைகளை ஒரு பக்கமாக அழுத்தி மிதிக்கிறார். அடிமட்டையில் இருக்கிற முள் அப்போது மண்ணைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் கையை உள்ளே விடுகிறார். 'போன மாசம் எட்டாயிரம் எடுத்தாளே, அவ இந்த மாசம் கட்டலியாம்' என்கிறார், வெட்டிக்கொண்டே. பின்னால் வருகிறவர் 'எப்படிக் கட்டுவா, மாடு செத்துப்போச்சே' என்கிறார். ஓலை நுனி ஒவ்வொன்றும் ஊசி. கட்டாகக் கட்டும்போது நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையில் தூக்கிப் போகிறபோது கழுத்தைக் குத்தும். நான் கட்டிய கட்டைப் பார்த்து மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். காற்றில் புரசம்பூ ஒன்று உருண்டு வந்து கட்டின் மேல் நிற்கிறது. மலை எங்களை அணைத்துக்கொண்டது."

சாமைக்காடு

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். மலை யாரையும் அணைக்காது.

மீதி நன்றாக இருக்கிறது. நுனி ஒரே பக்கம் என்பது சரி, அம்மா அதற்காக என் தலையில் குட்டியிருக்கிறார். ஆனால் அரிவாளை இடது கைக்கு யாரும் மாற்றமாட்டார்களே? அந்த அம்மா இடதுகைக்காரரா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், நடுக்குருத்தை விட்டுவிட்டு வெட்டினார்களா? குருத்தை வெட்டினால் அடுத்த வருஷம் அந்தப் புதரிடம் போக வேலை இல்லை. அதைப் பார்க்காமல் வந்திருந்தால் மறுபடி போங்கள்.

புரசம்பூ உருண்டு வந்தது நிஜமா, இல்லை அழகுக்கா?

தகடூர்க்காரி

நிஜம்! மாசி மாதத்தில் அந்தக் கரடு முழுக்கப் புரசுதான், ஒரு இலை கிடையாது, பூ மட்டும். அந்த அம்மா இடதுகைக்காரர்தான், கேட்டுவிட்டேன். குருத்தை விட்டார்கள். அதை எழுதச் சேர்த்துக்கொள்கிறேன். கடைசி வரி போய்விட்டது.

அணைத்தல் போனதில் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதையும் பதிவு செய்கிறேன்.

தமிழாசிரியர்_ஓய்வு

நான் அணைத்தல் கட்சி. ஆனால் என் வாக்கு ஒன்றுதான்.

ஓசூர்_ஷிப்ட்

எனக்கும் எழுத ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது வழி சொல்லுங்கள். மலை தெரியாத, காடு தெரியாத, ஞாயிறு மட்டும் இருக்கிற பெண்ணுக்கு.

மேலகிரி

அரசாங்கத்தின் ட்ரெக் தமிழ்நாடு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு, கூட வழிகாட்டி வருவார்கள், அவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலை ஊர்க்காரர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் உச்சி அதில் இருக்கிறது. உச்சி பிடிக்கும் என்றாயே, அது உனக்கு. ஆனால் கடினம், முதல் நடைக்கு வேண்டாம்.

தீ காலத்தில் எந்தக் காட்டு நடையும் வேண்டாம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் இறந்தார்கள், அதில் பெண்கள் பலர். காய்ந்த புல்லில் காற்றோடு வருகிற தீயை ஓடி ஜெயிக்க முடியாது. அதற்குப் பிறகுதான் விதிமுறைகள் இறுகின. கோடையில் பாதைகளை மூடிவைத்தால் திட்டாதே.

பருத்திச் சட்டை, முழுக்கால் பேன்ட், செருப்பு இல்லாமல் காலை மூடுகிற ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர். நம் ஓடைகளை நம்பி வராதே, மழை முடிந்த சில மாதத்திலேயே பல ஓடைகள் காய்ந்துவிடும். நாப்கினை அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவர ஒரு பை. குடை கூட எடுக்கலாம், கைக்கம்பாகவும் ஆகும்.

காவேரிப்பட்டணம்

தீர்த்தமலையில் தொடங்கலாமே. அனுமதிச் சிக்கல் இல்லை. படி உண்டு, கூட்டம் உண்டு. என் மனைவியும் அவர் தங்கைகளும் வருஷா வருஷம் போகிறார்கள், என்னைக் கூட்டிப்போவதே இல்லை.

ஓசூர்_ஷிப்ட்

சார், நீங்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

தமிழாசிரியர்_ஓய்வு

நல்ல யோசனை. பெண்களுக்குத் தடை இல்லாத மலை என்பதே பெரிது. வெள்ளியங்கிரியில் பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் பெண்கள் ஏழு மலை ஏறக்கூடாது என்று இன்றும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். கேரளத்து அகத்தியர்கூடத்தில் 2018இல் உயர்நீதிமன்றம் தடை கூடாது என்று சொன்ன பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். தீர்த்தமலையில் கிழவிகள் பாறையிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தத்தில் தலை நனைத்துவிட்டு, ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்து புளிச்சோறு பிரிப்பதை யார் எழுதியிருக்கிறார்கள்? குரங்கிடமிருந்து அதைக் காப்பாற்றுவது தனிக் கதை.

தகடூர்க்காரி

அப்படியானால் தீர்த்தமலை. வர முடிந்தவர்கள் அரூர் பஸ் நிலையத்தில் காலை ஆறரைக்கு. வந்தவர்கள் எல்லோரும் அரைப் பக்கம் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை: கூட வந்தவர் பேசியதில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். தனிமை வேண்டுமென்றால் படி இறங்கும்போது ஆளுக்குப் பத்து நிமிஷம் விலகி நடந்துகொள்ளலாம், அங்கே கரடி வராது, குரங்குதான். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஓசூர்_ஷிப்ட்

நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறேன். பஸ்ஸில் தூங்கிக்கொள்வேன். உச்சி வரைக்கும் போவேன், சொல்லிவிட்டேன்.

சாமைக்காடு

எனக்கு அன்றைக்கு டூட்டி, வர முடியாது. எழுதியதை இங்கே போடுங்கள், தப்பு இருந்தால் சொல்கிறேன். தேனெடுப்பு பற்றி மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். அதை நான் எழுதப் போகிறேன். அம்மா சொல்லச் சொல்லப் பாதி எழுதியாகிவிட்டது, மீதிக்கு அவர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். மலைத்தேன் விலை ஏறிவிடும் என்று பயம்.